டாக்டர் தாலிமெரன் ஆவோ சரித்திரச் சுருக்கம்

ஒரு தொழிலிலே தேர்ச்சி பெற்றவரை உலகம் எளிதிற் புகழ்கின்றது. பல தொழில்களிலே கை வைப்பவரையோ அது ஐயத்தோடு நோக்குகின்றது. அந்த ஐயத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. காவிரியின் கடைமடையாகிய வேதாரணியப் பகுதியில் வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். ஆற்று நீர் பல வாய்க்கால்களிற் பிரிந்து செல்லுங்கால் தலைமடை வயல்கள் நனையும். கடைமடைக்கோ பல ஆண்டுகளில் நீர் வந்து சேர்வதில்லை. அவ்வாறே திறமை பலவாகப் பிரிந்த மாணவர் பலர், ஒன்றிலும் முடிவு காணாமல் இடைவழியிலே நின்றுவிடுகின்றனர். எனினும், பிரிந்த வாய்க்கால்கள் இரண்டிலும் நீரைக் கடைமடை வரையிற் கொண்டுசென்ற ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். சுதந்திர இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் பந்தயத்திற்கு அனுப்பிய கால்பந்துக் குழுவின் தலைவரும், நாக நாட்டு மக்களின் மருத்துவருமாகிய டாக்டர் தாலிமெரன் ஆவோ என்பவரே அவர். அன்னாரது வாழ்க்கையை இங்குச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் பெற்றோரும்

தாலிமெரன், 1918-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் தேதி சாங்கி என்னும் மலைக்கிராமத்திற் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் அஸ்ஸாம் மாகாணத்து நாகமலை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இன்று நாகாலாந்து மாநிலத்து மொகொக்சுங் மாவட்டத்தில் உள்ளது. ஆவோ என்பது குடும்பப் பெயரன்று. நாகர்களுள் ஒரு பெருங்குலத்தின் பெயராகும். அக்குலத்தார் தம் பெயருக்குப் பின் குலப்பெயரையும் சேர்த்து வழங்குவதுண்டு. கல்கத்தா நகரத்தார் பிற்காலத்தில் இவரை டி. ஆவோ என்று சுருக்கி அழைத்தனர். அப்பெயரே நாடெங்கும் நிலைத்தது.

இவருடைய தந்தையார் சுபோங்வதி நிங்தாரி என்பவர் ஒரு போதகர். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனார் ஆவோ நாகர்களிடையே பணி தொடங்கி, 1894-ஆம் ஆண்டு முதல் இம்பூர் என்னும் மலையுச்சியைத் தம் நிலையமாகக் கொண்டிருந்தனர். பள்ளி, மருந்தகம், ஆலயம் ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே வளர்ந்தன. சுபோங்வதியார் அவ்விடத்திலே போதகராக அமர்த்தப்பெற்றபோது குடும்பமும் இம்பூருக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் பன்னிருவர், அவருள் தாலிமெரன் நான்காமவர். போதகரின் சிறு வருவாயில் அத்துணைப் பெரிய குடும்பம் எவ்வாறு நடந்திருக்கும் என்பதை நம் நாட்டுக் கிராம உபதேசியார் வீடுகளைக் கண்டவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மிஷன் வளாகத்தில் விளையாட்டு மைதானம் ஒன்று இருந்தது. பந்து வாங்கப் பொருளில்லாத சிறுவர்கள் கந்தல் துணிகளைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி உதைத்தனர். தாலிமெரனுக்கு முதல் ஆசான் அக்கந்தற் பந்தே. அது காற்றடைத்த பந்தைப் போலத் தானே துள்ளாது. காலினால் தூக்கினாலன்றி எழாது. அத்தகைய பந்தோடு பழகிய கால், பின்னர் நல்ல பந்து கிடைத்தபோது அதனைத் தன் விருப்பம்போல ஆட்டிவைத்ததில் வியப்பில்லை.

தந்தையின் விருப்பம்

1935-ஆம் ஆண்டில் டைபாய்டு என்னும் குடற்காய்ச்சல் கண்டு சுபோங்வதியார் காலமானார். அப்பொழுது தாலிமெரனுக்கு வயது பதினேழு. மகன் மருத்துவம் கற்றுத் தன் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பதே தந்தையின் விருப்பமாயிருந்தது. இவ்விருப்பத்தின் கனத்தை நாம் நன்கு எண்ணிப்பார்க்க வேண்டும். டைபாய்டுக்கு ஏற்ற மருந்து அக்காலத்தில் உலகில் எங்குமே இல்லை. குளோரம்பெனிகால் என்னும் மருந்து 1940-களின் பிற்பகுதியிலேதான் வழக்கிற்கு வந்தது. ஆயினும் நல்ல நீரும், நல்ல பராமரிப்பும், அறிந்தோர் துணையும் பலரைக் காத்திருக்கக்கூடும். மலைநாட்டிலோ மருத்துவரைத் தேடி நாட்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. ஆகவே மகன் ஏற்றுக்கொண்டது ஒரு குடும்பத்தின் கடன் மட்டுமன்று. ஒரு மலைநாட்டின் குறையுமாகும்.

வேதாரணியத்தார்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜாப் புயல் நம் கரையைத் தாக்கியபோது, தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து வழிகளை அடைத்தன; மின்விளக்கு அணைந்தது. நோயாளி இருந்த வீடுகளில் மருத்துவர் என்னும் சொல்லுக்கு அன்று எத்துணைப் பொருள் இருந்தது என்பதை நம் மாவட்டத்தார் மறவார். ஒருசில நாட்கள் நமக்கு நேர்ந்த நிலை, நாகமலையில் அக்காலத்து மக்களுக்கு ஆண்டு முழுவதும் இருந்தது என்று கொள்க.

கல்வியும் ஆட்டமும்

ஜோர்ஹாட் நகரத்து மிஷன் உயர்நிலைப் பள்ளியிற் படிப்பை முடித்த தாலிமெரன், கௌஹாத்தியில் 1901-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற காட்டன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கால்பந்து மட்டுமன்றி, ஓட்டம் தாண்டுதல் முதலிய பந்தயங்களிலும் சிறந்து விளங்கினார். அந்நகரத்து மஹாராணா கழகம் அவரைத் தன் குழுவிற் சேர்த்துக்கொண்டது. அக்கழகத்தில் சரத் தாஸ் என்னும் பின்காவல் வீரர் ஒருவர் இருந்தார். அவருடைய நட்பு தாலிமெரனின் வாழ்வில் ஒரு திருப்பமாய் அமைந்ததைப் பின்னர்க் காண்போம்.

இவ்விடத்தில் ஆட்டத்தின் அமைப்பைப் பற்றி இரண்டொரு சொற்கள் கூறுதல் வேண்டும். அக்காலத்துக் குழுக்கள் பெரும்பாலும் கோல் காப்பாளர் ஒருவர், பின்காவலர் இருவர், இடைநிலை வீரர் மூவர், முன்னணி வீரர் ஐவர் என வகுக்கப்பட்டிருந்தன. முன்னணியில் நிற்பவரது வேலை கோல் அடிப்பது; கண்டோர் கைதட்டல் அவருக்கே உரியது. இடைநிலை வீரரது வேலையோ இரட்டிப்பானது. பகைவர் பந்தோடு வரும்போது பின்னே ஓடித் தடுக்க வேண்டும். பந்தைக் கைப்பற்றியபின் முன்னுள்ளவர்க்குப் பிழையின்றி வழங்க வேண்டும். மூச்சு அதிகம் வேண்டும். புகழ் குறைவாகவே கிட்டும்.

தாலிமெரன் முதலில் முன்னணி வீரராகவே ஆடினார். உயரமும் வலிமையும் வேகமும் அவருக்கு இருந்தன. பின்னர்க் குழுவின் தேவை கருதி இடைநிலைக்கு மாறினார். அவ்விடத்திலே நின்று தடுப்பதில் இந்தியா முழுவதிலும் பெயர் பெற்றார். பல இடங்களில் ஆடவல்லவர் எனப் பெயர் பெறும் வீரர்கள் மேனாட்டிலும் உண்டு. கால்பந்தைச் சீராக ஒருவருக்கொருவர் வழங்கி ஆடும் முறையை உலகிற்குக் கற்பித்த ஸ்காட்லாந்து நாட்டார், அத்தகையோரைப் பெரிதும் மதித்தனர். இடம் மாறி ஆடும் திறம் உடலைச் சேர்ந்தது மட்டுமன்று. தன் பெயரைவிடக் குழுவின் வெற்றியைப் பெரிதாகக் கொள்ளும் மனத்தையும் அது வேண்டி நிற்கும்.

கல்கத்தா வாழ்வு

1942-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. அக்கல்லூரியே 1948 முதல் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் மாற்றம் பெற்றது. தாலிமெரன் நகரத்திற்கு வந்ததை அறிந்த சரத் தாஸ், அவரைத் தாம் ஆடிய மோகன் பகான் கழகத்திற்கு அறிமுகஞ் செய்தார். 1943-ஆம் ஆண்டில் அவர் அதிற் சேர்ந்தார். சிறிது காலத்திற்குள் அதன் தலைவராகவும் ஆனார்.

மோகன் பகான் என்பது வெறும் விளையாட்டுக் கழகம் அன்று. 1889-ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகம், 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி கிழக்கு யார்க்ஷயர்ப் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைக்கொண்டது. ஆள்வோரை ஆளப்படுவோர் அவர்தம் ஆட்டத்திலேயே வென்ற அச்செய்தி வங்காளமெங்கும் பரவிற்று. அன்று ஆடிய பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். பூட்ஸ் அணிந்திருந்தவர் சுதிர் சட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர் ஒருவரே. அவர் பின்னர்க் குருவானவருமானார். இத்தகைய கழகத்திற்கு, தொலைவிலுள்ள மலைநாட்டினின்றும் வந்த போதகர் மகன் ஒருவர் தலைவரானது எளிய காரியமன்று. வங்க மொழியும் வழக்கமும் வேறு. உணவும் உடையும் வேறு. மைதானத்தில் அவர் காட்டிய உழைப்பே அவ்வேற்றுமைகளைக் கடக்கும் பாலமாயிற்று.

அவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஆண்டுகள் அமைதியானவையும் அல்ல. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் நகரத்தின்மேற் குண்டு வீசின. 1943-இல் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டது. உணவு தேடி வந்தோர் நகரத்து நடைபாதைகளில் மாண்டனர். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரையில் அவருடைய சொந்த மலைநாட்டிலே கோஹிமாப் போர் நிகழ்ந்தது. அங்கே ஜில்லா அதிகாரியின் டென்னிஸ் மைதானமே இரு படைகளுக்கும் இடையேயுள்ள போர்க்களமாயிற்று. 1946 ஆகஸ்டில் வகுப்புக் கலகம் கல்கத்தாவைக் குருதியில் நனைத்தது. இத்தனைக்கும் நடுவே ஓர் இளைஞர் மருத்துவ நூல்களைக் கற்றும், நோயாளிகளைக் கண்டும், மைதானத்திற்குச் சென்று ஆடியும் வந்தார்.

1942-இற் கல்லூரி புகுந்தவர் பட்டம் பெற்றது 1950-இல். எட்டு ஆண்டுகள்! இரண்டு பாரங்களைச் சுமந்து நடப்பவர் ஒன்றைச் சுமப்பவரினும் தாமதித்தே ஊர் சேர்வர். நம் மாணவ நண்பர்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் நலம். பெரியோர் சரித்திரங்களிற் பல, எல்லாம் எளிதில் முடிந்தாற்போலச் சொல்லிச் செல்கின்றன. அவ்வாறு முடிவதில்லை. விளையாட்டுக்குச் செலவிட்ட காலத்திற்கு விலை உண்டு. அவ்விலையை அவர் கொடுத்தார். கொடுத்தபின்னும் படிப்பைக் கைவிட்டாரில்லை.

இலண்டன் மாநகரில்

1947 ஆகஸ்டு 15-இல் நாடு சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டு இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. அதற்கு இந்தியக் கால்பந்துக் குழு ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது. பயிற்றுவித்தவர் பலாய்தாஸ் சட்டர்ஜி. குழுவின் தலைவர் தாலிமெரன் ஆவோ. 1948 ஜூலை 29-ஆம் தேதி வெம்ப்ளி அரங்கில் நடந்த தொடக்க விழாவில் இந்தியர் அனைவர்க்கும் முன்னே மூவர்ணக்கொடி ஏந்திச் செல்லும் பெருமையும் அவருக்கே அளிக்கப்பட்டது. மோகன் பகான் கேடயம் வென்ற நாளுக்குச் சரியாக 37 ஆண்டுகள் கழித்து, அக்கழகத்து வீரர் ஒருவர் சுதந்திர நாட்டின் கொடியை அந்நாட்டை ஆண்டவர் தலைநகரத்திலே ஏந்தி நடந்தார். நாகமலை இளைஞர் ஒருவரிடம் அக்கொடியை நாடு ஒப்புவித்தது என்பதும் நினைக்கத்தக்கது.

அக்குழுவில் வரதராஜ், தன்ராஜ், வஜ்ரவேலு, சாரங்கபாணி ராமன் என நம் செவிக்குப் பழகிய பெயர்கள் பல இருந்தன. வடகிழக்கு மலைநாட்டாரும், வங்காளிகளும், தென்னாட்டாரும் ஒரே குழுவில் நின்றனர். தலைவரின் சொல்லை எல்லாரும் கேட்டு ஆடினர்.

ஜூலை 31-ஆம் தேதி இல்போர்டு என்னுமிடத்துக் கிரிக்கிள்பீல்டு மைதானத்தில் பிரான்ஸ் நாட்டுக் குழுவை இந்தியா எதிர்த்தது. இந்தியருட் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினர். சிலர் பாதத்தில் துணிப்பட்டை மட்டும் சுற்றியிருந்தனர். முற்பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்தது. இந்தியருக்கு இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தும் இரண்டும் வீணாயின. ஆட்டத்தின் எழுபதாம் நிமிஷத்தில் ராமன் கோல் அடித்துக் கணக்கைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் அடித்த முதற் கோல் அதுவே. முடிவிற்கு ஒரு நிமிஷம் இருக்கையில் பிரான்ஸ் மற்றொரு கோல் அடித்தது. இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் இந்தியா தோற்றது. எனினும் தோற்றவர்க்கே அன்று அரங்கத்தார் கைதட்டு மிகுதியாயிருந்தது.

வெறுங்காலின் செய்தி மேனாட்டார்க்குப் பெருவியப்பாயிற்று. பூட்ஸ் இன்றி ஆடுவதேன் என்று பத்திரிகை நிருபர் வினவியதற்கு, இந்தியர் ஆடுவது காலால் ஆடும் பந்து என்றும், மேனாட்டார் ஆடுவது பூட்ஸால் ஆடும் பந்து என்றும் தாலிமெரன் நகைச்சுவை தோன்ற விடையிறுத்தார் என்பர். அவ்விடையில் நகை மட்டுமன்றித் தன்மதிப்பும் இருந்தது. நம் வேதாரணியத்து உப்பளங்களில் உப்பு நீரிலும் சேற்றிலும் நின்று வேலை செய்வோர் பாதங்களைக் கண்டவர்க்கு வெறுங்காலின் வலிமை தெரியும். 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்றும் நம் ஊர்க் கடற்கரை வரையில் உப்புக்காக நடந்து வந்தவர்களும் கால்களையே நம்பி வந்தனர். ஆயின் வெறுங்காலைப் புகழ்ந்து மயங்கிவிடுதலும் தவறாகும். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா பத்துக்கு ஒன்று எனத் தோற்றது. குளிரும் ஈரத்தரையும் வெறுங்கால்களை வாட்டின. அதன் பின்னரே நம் நாட்டில் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. பூட்ஸ் அணிந்து ஆடிய குழு 1956-இல் மெல்போர்னில் நான்காம் இடம் பெற்றது. தாலிமெரனின் குழு வெறுங்காலின் காலத்து முடிவில் நின்ற குழுவாகும்.

மறுத்த வாய்ப்பு

இலண்டனில் அவர் ஆடியதைக் கண்ட ஆர்சனல் கழகத்தார், ஓராண்டுக்குத் தம்மிடம் ஆடுமாறு அவரை அழைத்தனர். அவ்வழைப்பின் மதிப்பை இன்றுள்ளோர் உணர்தல் வேண்டும். இங்கிலாந்தில் 1885 முதலும், ஸ்காட்லாந்தில் 1893 முதலும் கால்பந்து ஊதியம் பெறும் தொழிலாக ஏற்கப்பட்டிருந்தது. 1947-இல் ஆங்கில நாட்டு வீரர்க்கு விதிக்கப்பட்ட உச்ச ஊதியம் ஆட்டக்காலத்தில் வாரத்திற்குப் பன்னிரண்டு பவுன். ஆர்சனலோ 1947-48 ஆண்டில் முதற் பிரிவின் வெற்றிக் குழு. இந்தியாவில் அக்காலத்தில் கால்பந்து ஒரு தொழிலன்று. ஆட்டம் வயிறு நிரப்பாது. தந்தையற்ற பெரிய குடும்பத்தில் பிறந்த, இன்னும் பட்டம் பெறாத முப்பது வயது மாணவர்க்கு அவ்வழைப்பு சிறியதாகத் தோன்றியிராது.

அவர் அதனை ஏற்றாரில்லை. மருத்துவப் படிப்பை முடிக்க வேண்டும் என்று கூறித் தாயகம் திரும்பினார்.

இதனைப் பற்றி இருவேறு கருத்துக்கள் உண்டு. அவர் அன்று சென்றிருப்பின், இந்திய வீரர்க்கு மேனாட்டு வாயில் முன்னமே திறந்திருக்கும்; நம் நாட்டுக் கால்பந்து வேறு நிலை அடைந்திருக்கும் என்பார் ஒருசாரார். இவ்வாதத்தை நாம் இகழ்ந்து தள்ளுதல் தகாது. ஒரு நாட்டிற்கு வீரரும் வேண்டும். முதல்வராய்ச் செல்பவரின் பின்னே பலர் செல்வர். ஓராண்டுதானே, சென்று வந்தபின் படித்திருக்கலாமே என்பாரும் உளர். ஆயினும் படிப்பினின்றும் விலகிய ஓராண்டு எத்தனை ஆண்டுகளாக நீளும் என்பதைக் கல்லூரியில் இருப்போர் நன்கு அறிவர். மேலும், மோகன் பகானுக்கு வேறு இடைநிலை வீரர் கிடைப்பர், ஆர்சனலுக்கும் கிடைப்பர். நாகமலைக்கு மருத்துவரோ அன்று விரல்விட்டு எண்ணத்தக்கவரே. தான் இல்லாவிடில் எவ்விடம் வெறிதாய்க் கிடக்கும் என்று எண்ணி அவ்விடத்தை அவர் தெரிந்துகொண்டார் என்றே நாம் கருதுகின்றோம்.

ஆட்டத்தை அவர் வெறுத்தாரல்லர் என்பதையும் குறித்தல் வேண்டும். இந்தியா திரும்பிய பின்னும் மோகன் பகானுக்கு ஆடினார். மைதானத்தை விட்டுப் படிப்புக்கு ஓடியவரும் அல்லர். படிப்பை விட்டு மைதானத்திற்கு ஓடியவரும் அல்லர். இரண்டுள் ஒன்று மற்றொன்றை விழுங்க வந்தபோது மட்டுமே, எது முதன்மையானது என்று துணிந்து உரைத்தார்.

மருத்துவப் பணி

1950-இல் எம். பி. பி. எஸ். பட்டம் பெற்ற பின்னர், திப்ருகரிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிற் பணிபுரிந்தார். அதன்பின் கோஹிமா சென்று அரசாங்க மருத்துவரானார். போரினாற் சிதைந்த அந்நகரம் அப்பொழுதுதான் மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. 1950-களில் நாகமலையில் அரசியற் கிளர்ச்சியும் ஆயுதப் பூசலும் மூண்டன. இரு தரப்பிலும் காயமுற்றோரும், நடுவே அகப்பட்ட ஏழை எளியோரும் உள்ள நாட்டிலே மருத்துவமனையை நடத்துதல் எத்துணைக் கடினம் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1963 டிசம்பர் 1-ஆம் தேதி நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. தாலிமெரன் படிப்படியாக உயர்ந்து அம்மாநிலத்துச் சுகாதாரத் துறையின் இயக்குநரானார். மைதானத்தில் இடைநிலை வீரர் செய்த வேலைக்கும் இவ்வேலைக்கும் ஓர் ஒப்புமை உண்டு. இயக்குநர் தாமே எல்லா நோயாளிகளையும் தொட்டுக் குணப்படுத்துவதில்லை. மருந்தும், செவிலியரும், மருத்துவரும், வண்டியும் உரிய காலத்தில் உரிய கிராமத்தை அடையச் செய்வதே அவர் கடமை. அது வெளியே தெரியாத உழைப்பு. கைதட்டல் இல்லாத உழைப்பு. அதிலே பல்லாண்டு நின்று 1978-இல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13-ஆம் தேதி கோஹிமாவிற் காலமானார்.

ஓர் ஒப்புநோக்கு

இவரைப் பற்றி நினைக்குந்தோறும் ஸ்காட்லாந்து நாட்டு எரிக் லிடெல் நினைவிற்கு வருகின்றார். சீனாவில் மிஷனரிப் பெற்றோர்க்குப் பிறந்த அவர், ரக்பி ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காக ஆடியவர். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றவர். ஓய்வுநாளில் ஓட மனமின்றித் தமக்குரிய நூறு மீட்டர் ஓட்டத்தைத் துறந்த செய்தி உலகறிந்ததே. புகழ் உச்சியில் நின்றபோதே சீனா சென்று ஆசிரியராகவும் ஊழியராகவும் பணிபுரிந்து, 1945-இல் ஜப்பானியர் தடுப்பு முகாமில் உயிர் நீத்தார்.

இருவர்க்கும் ஒற்றுமை உண்டு; வேற்றுமையும் உண்டு. லிடெல் வெற்றி மாலை சூடிச் சென்றார். தாலிமெரன் தோல்வியோடு திரும்பினார். லிடெல் அயல்நாட்டிற்குச் சென்றார். தாலிமெரன் தம் சொந்த மலைக்குத் திரும்பினார். அயல்நாட்டிற்குச் செல்வோரின் தியாகம் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். சொந்த ஊருக்குத் திரும்புவோரின் தியாகத்தை ஊரார் பெரும்பாலும் தியாகமென்று கருதுவதே இல்லை. ஆதலின் இவரது செயலை நாம் குறித்துக் காட்டுதல் தகும் என நினைத்தோம்.

முடிவுரை

இன்று அஸ்ஸாமிலுள்ள கலியாபோர் என்னுமிடத்து விளையாட்டரங்கம் ஒன்றும், அவர் பயின்ற காட்டன் கல்லூரியின் உள்ளரங்கம் ஒன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றன. வடகிழக்கு மாநிலங்களின் குழுக்கள் டாக்டர் டி. ஆவோ நினைவுக் கோப்பைக்காகப் போட்டியிட்டு வந்துள்ளன. எனினும் நம் பக்கத்து மாணவரிற் பலர் அவர் பெயரைக் கேட்டதில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கொடியை ஏந்தியவரைத் தென்னாட்டார் அறியாதிருத்தல் முறையன்று.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரியிலே மைதானத்தில் மட்டும் வாழ்வோரும் உளர். புத்தகத்தில் மட்டும் வாழ்வோரும் உளர். ஒருவரை ஒருவர் எள்ளி நகையாடுவதும் உண்டு. ஆட்டக்காரர் எல்லாரும் படிப்பில் மந்தமானவர் என்பதும், படிப்பவர் எல்லாரும் உடலுரம் அற்றவர் என்பதும் வீண்பேச்சு என்பதற்கு இவ்வாழ்க்கை சான்று. ஆயின் இரண்டையும் மேற்கொள்ள விரும்புவோர், அவர் உழைத்த எட்டு ஆண்டுகளையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அத்துடன், நம்மைப் படிக்க வைக்கும் பொருட்டுத் தங்கள் வயிற்றைக் கட்டிய பெற்றோர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கின்றனர். நம்மை எதிர்நோக்கும் ஊரும் ஒன்று உண்டு. பட்டம் பெற்றபின் பெருநகரங்களும் அயல்நாடுகளும் நம்மை அழைக்கும். அழைப்பை ஏற்பது குற்றமன்று. ஏற்குமுன், நாம் செல்லாவிடில் எவ்விடம் வெறிதாய்க் கிடக்கும் என்னும் வினாவை ஒருமுறையேனும் நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.

போதகர் சுபோங்வதியார் தம் மகன் கொடி ஏந்தியதைக் காணவில்லை. பட்டம் பெற்றதையும் காணவில்லை. அவர் விரும்பியதோ நிறைவேறிற்று. டாக்டர் தாலிமெரன் ஆவோவின் நினைவு வாழ்க!